பதினோரு விநாடி

வெள்ளைக் கையுறைக்குள் ஒரு விரல் நீள்கிறது.
"சிக்னல், பச்சை" என்கிறாள் குராமொச்சி.
கேட்க ஆளில்லை. காலை ஐந்து நாற்பது,
வட ஜப்பானின் மலைக் கிளைப்பாதை,
ஒற்றைப் பெட்டி ரயில்.
கண்ணாடிக்கு வெளியே பனி
தன்பாட்டுக்குத் தண்டவாளத்தை அழித்துக்கொண்டிருக்கிறது.

விரலால் காட்டு, வாயால் சொல், சொன்னதைக் காதால் கேள்.
கண் ஏமாறும்.
பழக்கம் கண்ணையே ஏமாற்றும்.
பயிற்சிப் பள்ளியில் சொன்னபோது சிரித்தாள்.
தனியாகப் பேசுகிறவர்களைப் பார்த்துச்
சிரிக்கும் வயது அது.

பத்தொன்பது வருடம் ஆயிற்று.
பாலம். "வேகம், முப்பத்தைந்து."
வளைவு. "முன்னால், தடையில்லை."

நேற்று வந்த வக்கீல் கடிதம்
சட்டைப்பையில் இருக்கிறது.
வீடு அவனுக்கு, நாய் இவளுக்கு,
சோற்றுக் குக்கரைப் பற்றித் தனியாக ஒரு பத்தி.
சுரங்கத்துக்குள் நுழைந்ததும்
அந்தப் பத்தியை மறுபடி படிக்கத் தொடங்கினாள், காகிதமில்லாமல்.
என்ன பதில் எழுதலாம்,
அதற்கு அவன் என்ன சொல்வான்,
அதற்கு இவள்.
சுரங்கம் முடிந்தது. வெளிச்சம் வந்தது.
வாக்குவாதம் முடியவில்லை.

யுனோசாவா. இருவர் ஏறினார்கள்.
"கதவு விளக்கு, எரிகிறது"
என்றது வாய்.

காதில் விழுந்தது.
யாரோ பொய் சொல்வதுபோல் விழுந்தது.

விரல் நுனியிலிருந்து கோடு பிடித்துப் பார்த்தாள்.
விளக்கு எரியவில்லை.
எழுந்து பின்னால் போனாள்.
கதவிடுக்கில் ஒரு குடையின் நுனி,
மறுமுனையில் பள்ளிச் சீருடையில் ஒரு பையன்,
இழுக்கவும் கூச்சம், கூப்பிடவும் கூச்சம்.
குடையிலிருந்து ஒரு சொட்டு
அவள் ஷூவின் மேல் விழுந்தது.
குளிர்.
எத்தனை நாளாயிற்று, குளிரைக் குளிராக உணர்ந்து.

பதினோரு விநாடி தாமதம்.
பதிவேட்டில் காரணம் கேட்ட கட்டத்தில்
"குடை" என்று எழுதினாள்.
"ஓட்டுநர் வண்டியில் இல்லை" என்று எழுத
அந்தக் கட்டத்தில் இடம் போதாது.

இரவு, சமையலறை.
சும்மாதான், விரலை நீட்டிப் பார்த்தாள்.
"அடுப்பு, அணைந்தது."
"ஜன்னல், மூடியது."
"நாற்காலி..."
கொஞ்சம் நின்று,
"காலி" என்றாள், உரக்கவே.
வீடு இடிந்து விழவில்லை.

விரலை மெல்ல மடக்கித் தன் பக்கம் திருப்பினாள்.
இதற்கு என்ன சொல்ல வேண்டுமென்று
விதிப்புத்தகத்தில் இல்லை.
தனக்குத்தான் ஏதோ தரப்போகிறாள் என்று
நாய் எழுந்து வந்து
விரலை முகர்ந்தது. ஈர மூக்கு.

"கொமுகி" என்றாள்.
"இருக்கிறது."