நான்காவது கட்டம்

நகராட்சிப் படிவத்தில் மூன்றே கட்டங்கள்.
நீரூற்று இருந்தால் அ.
ஊஞ்சல் இருந்தால் ஆ.
ஒன்றும் இல்லாவிட்டால் இ.

குன்னூரில் அன்று பனி இடுப்புவரை ஏறியிருந்தது.
அளவுநாடாவின் மறுமுனையில்
மாதியக்கா தெரியவில்லை,
“முப்பத்தொண்ணு” என்ற குரல் மட்டும் வந்தது.
எழுதிக்கொண்டேன்.

சீசாப் பலகையின் ஒரு பக்கம்
கல் நிரப்பிய ரேஷன் சாக்கு.
ஒற்றைப் பிள்ளை வந்தாலும் ஆடட்டும் என்று
வெல்டிங் நவமணி கட்டியதாம்.
இதைப் பழுது என்று எழுதுவதா,
வசதி என்றா?

பயன்படுத்துவோர் யார் என்று கேட்டேன்.
காலையில் பள்ளி வேனுக்கு நிற்கும் பதினொரு பேர்.
மதியம் கூடையை இறக்கிச் சோறு பிரிப்பவர்கள்.
ஐந்தரைக்கு
மேல்வேலி சரிந்த இடத்தில் இறங்கிவரும்
காட்டெருமை, கன்றோடு.
“அதையும் எழுதுங்க சார்.”

விளக்கு வேண்டும் என்றாள்
ஃபேக்டரியில் இரவு ஷிப்ட் முடித்து வரும் எஸ்தர்.
விளக்குப் போட்டால் அது வேறு வழி தேடும்,
அந்த வேறு வழி என் வாசல்தான்
என்றார் மேல்வீட்டு சம்சுதீன்.
டீ ஆறி ஏடு கட்டும்வரை சண்டை.

கீழ்ப்படிகளுக்கு மட்டும்
முழங்கால் உயரத்தில் விளக்கு.
மேல்வேலி
சரிந்தபடியே இருக்கட்டும்.

ஸ்கேல் வைத்து
நான்காவதாக ஒரு கட்டம் வரைந்தேன்.
அதற்கு எழுத்து வைக்கவில்லை.
அடியில் பதினேழு கையெழுத்து,
மூலையில் காய்ந்த சேறு கொஞ்சம்.

இது யாருடையது என்று
ஆபீசில் கேட்பார்கள்.