உப்புப் பார்த்த கடி

இரவு பத்து மணிக்கு
என் வாயைக் கழற்றி வைத்துவிட்டுத்தான்
உள்ளே போகிறேன் என்று தோன்றும்.
முகமூடிக்கு மேல் ஒரு முகமூடி,
கூந்தலுக்கு வலை, வலைக்கு மேல் குல்லாய்.
ஒட்டும் உருளை உடம்பெல்லாம் உருண்டு
ஒற்றை மயிரையும் எடுத்துக்கொள்ளும்.
சோற்றின் முன்னால் பேசாதீர்கள் என்று
சுவரில் எழுதியிருக்கிறது.
பேசினால் தெறிக்கும்.

நாகாஓக்காவின் விளிம்பில், பனிக்கு நடுவே,
நிமிடத்துக்கு நாற்பது ஒனிகிரி.
இயந்திரம் சோற்றை முக்கோணமாக அழுத்த
நடுக்குழியில் ஊறுகாய்ப் பிளம் வைக்கிறேன்.
இரண்டு மணிக்குப் பிறகு சால்மன்.
நான்கு மணிக்குக் கடற்பாசி.
கண்ணாடிக்கு அப்பால் மேற்பார்வையாளர் குரோசாகி
கையை உயர்த்தினால் பட்டை நிற்கும்,
யாரோ தும்மியிருக்கிறார்கள்.

வாய் இல்லாத அந்த நேரத்தில்
வாயால் விருந்து வைத்தவளை நினைத்துக்கொள்வேன்.

உக்கெமோச்சி, உணவின் தேவி.
வந்தவன் நிலவுக் கடவுள் த்சுக்குயோமி,
சூரியத் தமக்கை அமத்தெராசு
போய்ப் பார்த்துவா என்று அனுப்பியவன்.
அவள் நிலத்தின் பக்கம் திரும்பினாள்,
வாயிலிருந்து ஆவி பறக்கச் சோறு.
கடலின் பக்கம் திரும்பினாள்,
அகலத் துடுப்பும் சிறு துடுப்புமாய் மீன்கள் துள்ளி விழுந்தன.
மலையின் பக்கம் திரும்பினாள்,
முரட்டு மயிரும் மென்மயிருமாய் விலங்குகள்.
நூறு மேசைகளில் பரப்பி, சாப்பிடு என்றாள்.

எச்சில், என்றான்.
பிறகு வாள்.

கிடந்தவள் நெற்றியில் தினை முளைத்தது.
புருவத்தில் பட்டுப்புழு நெளிந்தது.
வயிற்றில் நெல்.
இனி உன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று
சூரியன் திரும்பிக்கொண்டாள்.
அன்று பிரிந்தவைதாம் பகலும் இரவும்.

எனக்குப் புரியாதது ஒன்றுதான்.
அத்தனை தூரம் நடந்து வந்தவன்
திரும்பும் வழியில் எதைச் சாப்பிட்டான்?

நானும் இசாமுவும் சண்டை போட்டதில்லை.
வீட்டுக்கடன் முப்பத்தைந்து வருஷம்,
அவனுக்கு முதல் பஸ், எனக்குக் கடைசி ஷிஃப்ட்,
அவ்வளவுதான்.
ஒரே மெத்தையில் இருவரும் தூங்குகிறோம்.
அவன் விட்டுப்போகும் சூடு
நான் வருவதற்குள் ஆறிவிடுகிறது.

காலையில், ஷினானோ ஆற்றுப் பாலத்தில்
என் சின்னக் காரும் அவன் பேருந்தும் எதிரெதிரே வரும்.
முகப்பு விளக்கை ஒருமுறை சிமிட்டுவான்.
விதிப்படி கூடாது.
முன்னிருக்கைப் பள்ளி மாணவிக்கு ஏதோ புரிந்திருக்கிறது,
தலையைக் குனிந்து சிரிக்கிறாள்.

இன்று ஆற்றின் மேல் மூட்டம்.
வந்தவை எல்லாம் வெறும் வெளிச்சங்கள்,
எது அவன் என்று தெரியவில்லை.

வீட்டில் குளிர்பெட்டியைத் திறந்தேன்.
நீலத் தட்டில் ஒரு ஒனிகிரி.
அங்கே வைத்தால் சோறு விறைக்கும் என்று
எத்தனை முறை எழுதி ஒட்டியிருப்பேன்.
முக்கோணம் என்று சொல்ல முடியாது,
பாதி சரிந்த மலை.
விரல் அழுந்திய பள்ளம் அப்படியே இருக்கிறது.
உச்சியில் ஒரு கடி.
கோணல் முன்பல் பதிந்த கடி. அது யாருடையதென்று
நீதிமன்றத்திலும் சொல்வேன்.
பக்கத்தில் சீட்டு:
உப்புச் சரியா என்று பார்த்தேன், கோபிக்காதே.

ராத்திரி முழுக்க
எவர் வாயும் படாத பதினெட்டாயிரம் முக்கோணங்களை
லாரியில் ஏற்றிவிட்டு வந்தவள் நான்.
கோட்டைக்கூடக் கழற்றாமல், நின்றபடி,
கடித்த பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன்.

மூட்டம் ஆற்றோடு நின்றுவிட்டது.
சமையலறை ஜன்னலில், தேவதாருகளுக்கு மேல்,
போக மனமில்லாமல் வெளிறிய நிலா.
பார்த்துக்கொண்டிரு, என்றேன் அதனிடம்,
வாய் நிறையச் சோற்றோடு.

சீட்டைத் திருப்பி எழுதினேன்:
உப்புக் குறைவு.
ஒரு கடியில் என்ன தெரியும்,
நாளைக்கு இரண்டாகக் கடி.