ஒன்பதாம் கட்டம்

"இவ்விடத்தோடு தொடர்புடைய
புகழ்பெற்ற நபர்கள் யார்?"
விண்ணப்பத்தின் ஒன்பதாம் கட்டம் கேட்கிறது.
விடைக்கு இரண்டங்குலம் விட்டிருக்கிறார்கள்.

டெல்ஃபர்ட், ஓஹையோ. மார்ச் கடைசி வெள்ளி.
பழைய ஏழைப் பண்ணையின் சமையற்கட்டில்
கையுறையோடு தட்டச்சு செய்கிறேன்.
கூரை மூன்று இடத்தில் ஒழுகுகிறது,
வாளி இரண்டுதான்.

நான் வந்தது செங்கல் பார்க்க.
1874-இல் பூசிய சுண்ணாம்புச் சாந்து
இன்னும் நகத்துக்கு மசியவில்லை.
பேரேடுகள் பிறகு கிடைத்தன,
பன்றிக் கொட்டிலின் பரணில்,
எலி தின்றதுபோகப் பதினொன்று.

கண்காணிப்பாளர் அமோஸ் விட்காம்புக்கு
முத்து முத்தான கையெழுத்து.
டர்னிப், நாற்பது மூட்டை.
காலணி, ஆண், பழையது, ஆறு ஜோடி.
சினைப்பன்றிகளுக்கு ஆளுக்கொரு பெயர்:
டச்சஸ், பெர்த்தா, மிஸஸ் ஓட்ஸ்.
மேட்டில் புதைத்தவர்களுக்கு எண்.
எண்பத்தேழு வரை போய்
மறுபடி அறுபதிலிருந்து தொடங்குகிறது.
எண்ணியவருக்குத் தூக்கமோ
துக்கமோ.

அண்டி வந்தவர் பெயருக்கு எதிரே
"காரணம்" என்றொரு பத்தி.
முதுமை. கண் தெரியவில்லை.
பிள்ளைத்தாய்ச்சி, மணமாகாதவள்.
ஜெர்மன் மட்டும் பேசுகிறான்.
ஓர்ஃபா டிண்டால் என்பவளுக்கு
வெறும் "மழை".

நான்கு வருடம் கழித்து அவள் வரியின் முடிவில்
விட்காம்ப் வழக்கத்துக்கு மாறாக
ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறார்:
போர்வையைத் துவைத்து மடித்து வைத்துவிட்டுப்
போய்விட்டாள்.

திங்கட்கிழமை வாக்கெடுப்பு.
இடித்துவிட்டுச் சாமான் கிடங்கு கட்டலாம் என்கிறார்
ஆணையர் நைஸ்லி.
"ஏழைகளைக் காப்பாற்றியாயிற்று,
இப்போது அவர்கள் வீட்டையுமா?"
நல்ல மனிதர்தான். எனக்கும் சேர்த்துக்
காப்பி வாங்கி வந்திருந்தார்.

இந்த நாட்டுக்கு வருமுன்
நானும் ஒரு படிவம் நிரப்பினேன்.
பொதுமக்களுக்குச் சுமையாவீர்களா?
இல்லை என்ற கட்டத்தில் டிக் போட்டபோது
கை நடுங்கவில்லை. வயது இருபத்தாறு,
பல் முப்பத்திரண்டும் இருந்தது.

ஒன்பதாம் கட்டத்தில் ஓர்ஃபா டிண்டால் என்று அடித்தேன்.
அழித்தேன். மறுபடி அடித்தேன்.
இடம் போதாவிட்டால்
தனித்தாள் இணைக்கலாமாம்.
அடிக்குறிப்பு, பொடி எழுத்தில்.

பிரிண்டரில் எத்தனை தாள் இருக்கிறதென்று
பார்க்கப் போனவன்
வழியில் அடுப்படியிலிருந்து
ஓர் இரும்புச் சட்டியை எடுத்து
மூன்றாவது ஒழுக்குக்குக் கீழே வைத்தேன்.

பண்ணைச் சொத்து.
திருப்பி வைக்கும்போது
துடைத்து வைக்க வேண்டும்.