கட்

சம்பளச் சீட்டில் கிராணி
சிவப்பில் எழுதியிருக்கிறார்:
ஐந்து நாள் கட்.
மழைக்கு நானா பொறுப்பு என்றால்
போனைக் கட் பண்ணுகிறார்.

பாகாவ் முச்சந்தியில்
செம்பனை லாரியைக் கட் பண்ணப் போனவர்
எதிரே வந்த இன்னொன்றைப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மிஸ்ஸி கத்தரிக்கோலை எடுத்தாள்.
"கட் பண்ணணும்."
நான் அலறினேன்.
"காலை இல்லக்கா, சிலுவாரை."

இப்போது தொடைவரை வெள்ளைக் கட்டு.
உட்கார்ந்தபடியே
ரிமோட்டுக்காக மகளோடு மல்லுக்கட்டுகிறார்.

தர்ஷாயினிக்கு நாளை இங்கிலீஷ் டெஸ்ட்.
மற்றதெல்லாம் நேற்றுக்கு உருமாறுமாம்,
இது மட்டும்
நேற்றும் கட், இன்றும் கட்.
"ஏம்மா?"

சீட்டை மடித்து
அரிசி டின்னுக்கு அடியில் வைக்கிறேன்.
அங்கே ஏற்கெனவே கரண்ட் பில்.
வெள்ளிக்கிழமைக்குள் கட்டணும்.
கட்டாவிட்டால்
கட்.