நீரோட்டம்: இல்லை

நீரேற்று நிலையத்தில் எனக்கு
ஒரு நாற்காலி, ஒரு டார்ச், ஒரு பதிவேடு.
பதிவேட்டில் ஏழு கட்டம்.
ஆறாவது: ஆற்றில் நீரோட்டம்.
முதல் வருஷம் முழுக்க 'இல்லை' என்று எழுதினேன்.
அப்புறம் 'இ' மட்டும்.
அப்புறம் ஒரு கோடு.
பன்னிரண்டு வருஷக் கோடுகளை நீட்டி வைத்தால்
விரிஞ்சிபுரத்திலிருந்து வடுகந்தாங்கல் பக்கம்
ஆற்றைக் கடந்துவிடலாம்.

கடப்பது ஒன்றும் கஷ்டமில்லை.
தரைப்பாலத்துக்குச் சுற்ற வேண்டாம்,
பாலாறே எங்களுக்குப் பாதை.
பதினாலு நிமிஷ மணல்.
நடுவில் கிரிக்கெட் பிட்ச், செங்கல் ஸ்டம்பு,
யாரோ கொண்டுவந்து போட்ட, பஞ்சு பிதுங்கிய சோபா.
சாயங்காலம் அதில் உட்கார்ந்து கடன் பேசுவார்கள்.
கோட்டீஸ்வரி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு
தினமும் அக்கரைக்குப் போய்
தீப்பெட்டிக் கம்பெனியில் லேபிள் ஒட்டிவிட்டு வருவாள்.
மணல் சூட்டைக் குறை சொல்வாளே தவிர
ஆற்றைக் கடந்தேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அவள் தம்பி தேசிங்கு கனடாவில், வடக்கே எங்கேயோ,
லாரி ஓட்டுகிறான்.
அங்கேயும் ஆற்றின் மேல் நடக்கிறார்களாம்,
ஆறு மாசம் உறைந்து கல்லாய்க் கிடக்குமாம்.
உருகுகிற அன்று துப்பாக்கி மாதிரி வெடிக்குமாம்,
எத்தனை மணிக்கு உடையும் என்று ஊரே பணம் கட்டுமாம்.
"அங்க தண்ணி வந்தா இன்னா சத்தம் மாமா?" என்றான்.
நீயே கேள் என்று போனை ஆற்றுப் பக்கம் நீட்டினேன்.
சீமைக்கருவேலத்தில் ஒரு செம்போத்து இருமியது.

கார்த்திகை மூன்றாம் நாள்
மோர்தானா வழிகிறது என்றார்கள்.
கவுண்டன்யா குடியாத்தத்தில் வீடுகளுக்குள் நுழைந்துவிட்டது,
புல்லூர்த் தண்ணீரும் பின்னாலேயே வருகிறது என்றார்கள்.
முனிரத்தினத்தின் டீக்கடை நோட்டில் பேர் எழுதினோம்,
ஆளுக்கு நூறு.
சம்பங்கி, ராத்திரி பத்து.
லைன்மேன் ஏகாம்பரம், விடிகாலை மூன்று.
முனிரத்தினம் மட்டும் "வராது" என்று இருநூறு வைத்தான்.
"மணல் குடிச்சிடும். எத்தினி வாட்டி பாத்துகீறோம்."
மனசுக்குள் நானும் அவன் பக்கம்தான்,
பணத்தை மட்டும் ஒன்றரை மணிக்குக் கட்டினேன்.

அது அலையாக வரவில்லை.
ஒன்று இருபதுக்கு டார்ச் அடித்தபோது
மணல் நிறம் மாறிக்கொண்டிருந்தது.
அப்பளம் பொரிகிற சத்தம்.
நுரை. நுரைக்கு முன்னால் எறும்புகள்.
எறும்புகளுக்கு முன்னால் ஒரு நாய், அவசரமில்லாமல்,
அடிக்கடி திரும்பிப் பார்த்தபடி.
மணல் லாரிகள் தோண்டிய பெரிய பள்ளத்தில் தண்ணீர் இறங்கி
அரைமணி நேரம் வெளியே வரவே இல்லை.
முனிரத்தினம் ஜெயித்துவிட்டான் என்று நினைத்தேன்.
சொல்ல வெட்கமாக இருக்கிறது,
கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

பிறகு பள்ளத்தின் உதடு இடிந்தது.
தேசிங்கு கேட்ட சத்தம் அதுதான்.
போனை எடுக்கத் தோன்றவில்லை.

சோபா முதலில் எழுந்தது.
யாரோ உட்கார்ந்திருப்பது போல நிமிர்ந்து
வேலூர்ப் பக்கம் போனது.

விடிந்தபோது தரைப்பாலம் தெரியவில்லை.
கரை இரண்டும் தெரிந்தன.
இத்தனை வருஷம் எங்களுக்கு இருந்தது ஒரே கரை.
மழைக்குப் பயந்து கம்பெனியிலேயே தங்கிவிட்ட பெண்கள்
அந்தப் பக்கம் வரிசையாக நின்றார்கள்.
எது கோட்டீஸ்வரி என்று புரியவில்லை.
எல்லாரும் கை ஆட்டினார்கள்,
எல்லாருக்கும் ஆட்டினேன்.

போன் அடித்தது.
"கிணறு முழுகிப்போச்சா?"
"மோட்டாரோட."
"அப்ப ஊருக்குத் தண்ணி?"
"இல்ல."
சிரித்தாள்.
காட்பாடி சுற்றி பஸ்ஸில் வருகிறாளாம்.
"இன்னா பண்றது, ஆத்தைத் தாண்டணுமே" என்றாள்,
முதல் தடவையாக.

டீக்கடையில் சண்டை.
எத்தனை மணிக்கு வந்தது? நான்தான் சாட்சி.
நாய் வந்த நேரத்தைச் சொல்வதா,
பள்ளம் உடைந்த நேரத்தையா?
பதிவேட்டைப் பார்த்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

பேனா எடுத்து, தேதி போட்டு,
ஆறாவது கட்டத்தில்
கை பழக்கத்தில் கோடு இழுத்துவிட்டது.
அடித்தல் திருத்தலுக்கு
உதவிப் பொறியாளர் கையெழுத்து வேண்டும்.
அவர் வீடு அக்கரையில்.