முப்பத்தைந்து மணி நேரம்

என் படுக்கை நனைந்த செவ்வாய்க்கிழமை
லோர்ன் ஒன்பது நிமிடம் பிந்திப் போனான்.
விரிப்பை உருவி, என்னைப் புரட்டித் துடைத்து,
உலர்ந்ததை விரித்து, பேருந்தைத் தவறவிட்டு
மழையில் ஓடியிருக்கிறான், ஐம்பத்து நான்கு வயதில்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் மோராக் டன்னட்
மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாளாம்.
நாலு வாரப் பணம் நிறுத்தம்.
"நான் இல்லை லோர்ன், கணினிதான்."
அண்ணனைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அவன் போட்ட மனு
எங்கோ ஒரு வரிசையில் நிற்கிறது
பதினோரு வாரமாய்.

வாரம் முப்பத்தைந்து மணி நேரம் வேலை தேட வேண்டும்,
தேடியதை நிமிட சுத்தமாய் எழுதியும் வைக்க வேண்டும்.
எங்கள் கொள்ளுப்பாட்டனும் இப்படி ஒரு நோட்டு வைத்திருந்தார்:
எந்த நிமிடத்தை எதில் கரைத்தேன் என்று
கர்த்தருக்குக் காட்ட.
அவருக்குப் பதில் வந்ததாகத் தெரியவில்லை.
இவனுக்கு உடனே வந்துவிடுகிறது.

கிளைட் ஆற்றங்கரையில் நாங்கள் கப்பல் கட்டிய காலத்தில்
ஆறு நாள் பட்டறைச் சங்கு, ஏழாம் நாள் மணி.
இரண்டும் ஒரே குரலில் கூப்பிட்டதாய்த்தான் ஞாபகம்.
செழித்தவன் தெரிந்துகொள்ளப்பட்டவன்.
நொடித்தவனை யாரும் ஒன்றும் சொல்லவில்லை,
கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள்,
அவ்வளவுதான்.

பாரந்தூக்கியிலிருந்து விழுந்தேன். முதுகெலும்பு போயிற்று.
அதனால் நான் நல்ல ஏழை.
பகலெல்லாம் கூரைக் கறையைப் பார்த்துச் சும்மா கிடக்கிறேன்,
மாதம் பிறந்தால் பணம் வருகிறது,
யாரும் என்னைச் சோம்பேறி என்றதில்லை.
உட்காரவே தெரியாத என் தம்பியைத்தான்
எதிர்வீட்டு ஹேமிஷ் அப்படிச் சொல்கிறான்.

ஞாயிறு பிரசங்கத்தை ஃபோனில் கேட்பேன்.
கிரியையினால் அல்ல, கிருபையினால் என்கிறார் போதகர்.
பரலோகத்தைச் சம்பாதிக்க முடியாதாம்,
கை நீட்டி வாங்கிக்கொள்ளத்தான் முடியுமாம்.
எனக்குச் சிரிப்பு வருகிறது, சிரித்தால் விலா வலிக்கிறது.
அத்தனை பெரிய வீட்டையே இனாமாய்க் கொடுப்பவர்களுக்கு
அரை ரொட்டிக்கு ஏன் இவ்வளவு கையெழுத்து?

வியாழக்கிழமை சபைக் கூடத்தில் உணவு வங்கி.
டப்பாக்களை எடுத்துக் கொடுத்தவள் மோராக்,
அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு, ஊழியமாய்.
லோர்ன் சீட்டை நீட்டினான்.
காரணம் என்ற கட்டத்தில் 'பணம் நிறுத்தம்' என்றிருந்தது,
அவள் கையெழுத்திலேயே.
படித்தாளாம்.
பட்டாணி, மத்தி மீன், ஓட்ஸ்,
பிறகு பட்டியலில் இல்லாத ஒரு பீச் பழ டப்பாவை
பையின் அடியில் செருகினாளாம்.

நன்றி சொன்னாயா என்றேன்.
"சொன்னேன். அவளும் சொன்னாள்.
எதற்கென்று தெரியவில்லை."

இரவு நோட்டைத் திறந்தான். வியாழன், மூன்று விண்ணப்பம்.
எனக்குப் பீச் ஊட்டிய இருபது நிமிடத்தை
எந்தக் கட்டத்தில் போடுவது என்று
பேனாவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் இருந்தான்.
போடவில்லை.
மிச்சமிருந்த சாற்றை டப்பாவோடு தூக்கிக் குடித்தான்,
நின்றுகொண்டே.