தெப்பி, தெப்பி

பிறையில், பழைய இரும்புக் கிடங்கு.
எடைமேடைக்குப் பக்கத்தில் ஒரு கண்டெய்னர் பெட்டி.
அதற்குள் நான், ஒழுகும் ஏர்கான், ஒரு கணினி.
நாற்பத்திரண்டு வயதில்
முதன்முதலாக ஒரு செயலி எழுதினேன்.
ஒரே ஜன்னல். லோரி எண், ஓட்டுநர் பெயர்,
பச்சையில் ஒரு பொத்தான்: எடை எடு.

வீட்டில் அழகாக ஓடியது.
வீட்டில் தராசு இல்லை.
எடை வர வேண்டிய இடத்தில்
12,480 என்று நானே எழுதி வைத்திருந்தேன்.
தட்டியதும் வந்தது,
தட்டிய போதெல்லாம் வந்தது.

திங்கட்கிழமை, பசியாறி முடித்த நேரம்.
வீரையாவின் லோரி மேடை ஏறியது. அழுத்தினேன்.
இரும்பு ஆடி அடங்காமல் தராசு எண் சொல்லாது;
பதினோரு வருடமாக எனக்குத் தெரிந்ததுதான்.
சொல்லும்வரை காத்திரு என்று
ஒரு வரி எழுதியிருந்தேன்.
காத்திருந்தது.
ஜன்னல் வெளுத்துப்போய்,
நகராமல், மூடாமல்,
நெற்றியில் ‘பதிலளிக்கவில்லை’ என்று ஒட்டிக்கொண்டு
அப்படியொரு காத்திருப்பு.
இன்னொரு தரம் அழுத்தினேன்.
கோபத்தில் இன்னும் மூன்று.

உயிர் வந்ததும் அச்சுப்பொறி
ஐந்து சீட்டுகளைத் துப்பியது.
“அஞ்சுக்கும் வெள்ளி குடுப்பாங்களா?”
வீரையா சிரிக்காமல் கேட்டார்.
தவுக்கே ஊய் நான்கைக் கிழித்தார்,
ஐந்தாவதையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

அன்றிரவு ஒரு வரி சேர்த்தேன்:
தொட்டதும் பொத்தான் சாம்பலாக வேண்டும்,
வேலை முடிந்ததும் பச்சையாக வேண்டும்.
மறுநாளும் ஐந்து.
வெளுத்துக் கிடக்கிற ஜன்னல்
சாம்பல் பூசிக்கொள்ளவும் கை எடுக்காதாம்.
என் தட்டல்களெல்லாம் வாசலில் வரிசை கட்டி நின்று,
பச்சை எரிந்ததும்
ஒவ்வொன்றாய் உள்ளே வந்திருக்கின்றன,
மரியாதையாக.

புதன்கிழமை கிம் ஹுவாட்
எடை போட்டு முடித்த லோரியை
மேடை மேலேயே நிறுத்திவிட்டுக்
கோப்பி குடிக்கப் போய்விட்டான்.
தவுக்கேயின் கையெழுத்து வரணுமாம்.
பின்னால் நான்கு லோரி, நான்கு ஹாரன்.
வெயிலில் இறங்கி ஓடிக் கத்தினேன்:
“தெப்பி! தெப்பி! ஓரமா நிறுத்து,
கையெழுத்து வந்ததும் நானே கூப்பிடுறேன்!”
கத்திய வாய் திறந்தபடியே நின்றது.
யாரிடம் சொன்னேன் இதை?

காத்திருப்பை மேடையை விட்டு இறக்கி
வேறோர் இழையில் ஓரமாய் நிறுத்தினேன்.
ஜன்னல் மூச்சு விட்டது. பொத்தான் சாம்பலானது,
கண் முன்னால்.
பிறகு மொத்தமும் விழுந்தது.
எண்ணோடு வந்த அந்த இழை
நேரே உள்ளே நுழைந்து
என் ஜன்னலில் தானே எழுதப் பார்த்திருக்கிறது.
எங்கள் கண்டெய்னரிலும் அது நடக்காது.
சீட்டைச் சந்துக்குள்ளே நீட்டலாம்;
பேரேட்டில் எழுதுவது நான்.
அதையே அதற்கும் சொல்லிக் கொடுத்தேன்.
ஒரு லோரி, ஒரு சீட்டு.
வெள்ளிக்கிழமை பாலத்தில்
பைக்கை மெதுவாக ஓட்டி வீட்டுக்குப் போனேன்.

சனிக்கிழமை தராசே கிடைக்கவில்லை.
வேறு யாரோ பிடித்து வைத்திருப்பதாகச் செய்தி.
யாருமில்லை, கிடங்கில் நாய்கூட இல்லை.
தேடினால், நேற்றுச் சாயங்காலம் நான் மூடியது
ஜன்னலை மட்டும்.
அந்த இழை இரவு முழுக்க இருட்டில் நின்று
தராசின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.
வேலை முடிந்தது, வீட்டுக்குப் போ என்று
அதனிடம் யாரும் சொல்லவில்லை.

இப்போது சொல்கிறேன், தினமும், மூடும்போது.

இன்னும் ஒன்று பாக்கி.
திங்கட்கிழமை டத்தோ ஒருவரின் லோரிகள் வருகின்றன.
ரூமியில் எழுதும்போது அவர் பட்டத்தின் வாலில்
ஒரு சின்ன ஒற்றை மேற்கோள் குறி தொங்கும்.
சோதிக்கத் தட்டிப் பார்த்தேன்.
பெயர் அந்தக் குறியோடு முடிந்துவிட்டதென்று நினைத்துக்கொண்டு
மிச்சத்தையெல்லாம் கட்டளையாக வாசித்து
செயலி அலறுகிறது.
பட்டத்தை விட்டுவிட்டு எழுத
தவுக்கே சம்மதிக்க மாட்டார்.